காயல்பட்டினம்: கடலோடிய ஆண்களும் பெண்ணுக்குரிய வீடும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, காயல் என்னும் பெயரை மூன்று ஊர்கள் பகிர்ந்து கொள்கின்றன. அவை பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் ஆகியன. ஆறு கொண்டுவந்த மண் கழிமுகத்தைத் தூர்க்கத் தூர்க்கத் துறையும் இடம் மாறியது. ஒருகாலத்தில் மரக்கலங்கள் நின்ற பழையகாயல் இன்று கடலை விட்டு உள்ளே ஒதுங்கிக் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு ஆராய்ந்த கால்டுவெல் பாதிரியார், மண்ணுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்தார். திருச்செந்தூருக்கு வடக்கே அமைந்த காயல்பட்டினம் அந்தப் பழைய துறைமுகத்தின் வணிக மரபைத் தொடர்ந்து சுமந்த ஊர். அங்கே மகளுக்கு வீடு கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். கீழக்கரையிலும் இந்த வழக்கம் உண்டு. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கடலிலிருந்துதான் விடை தேட வேண்டும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயலை மாபெரும் நகரம் என்று எழுதினார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றி வரும் கலங்கள் யாவும் இங்கே தங்கிச் செல்வதாகக் குறித்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கையே தருகிறார். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலத்திலிருந்தே பணம் போயிற்று! ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்து, காயல் உள்ளிட்ட துறைகளை நிர்வகித்தார். சந்தையில் இடம் கொடுத்ததோடு நில்லாமல் அரசவையிலும் முஸ்லிம் வணிகரை அமர்த்திய நாடு அது.

குதிரை இறங்கிய கடலில் முத்தும் விளைந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, முத்துக்குளிப்பின் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு முஸ்லிம் செல்வரைக் குறிப்பிடுகிறார். முஸ்லிம்களுக்குள் எழும் வழக்குகளில் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது; மன்னர் அதில் தலையிடுவதில்லை. இந்த மதிப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. போர்த்துக்கீசியரின் கடற்படை வந்தது. 1535 முதல் 1537 வரை பரதவர்கள் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவி அவர்களின் பாதுகாப்பில் சென்றனர். 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் மரக்காயர்களின் படை தோற்றது. முத்துக்குளிப்பு கைமாறியது.

கரையில் பிடி தளர்ந்தபோது மரக்காயர்கள் கடலையே நம்பினார்கள். பாக்குநீரிணைக்கு அப்பால் இலங்கை இருந்தது. துணியும் அரிசியும் அங்கே போயின. பாக்கும் மாணிக்கக் கற்களும் இங்கே வந்தன. பின்னர்க் கொழும்பில் கடை வைத்திருப்பதே காயல் குடும்பங்களின் இயல்பான பிழைப்பாயிற்று. ஆண்கள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் ஊரில் இருப்பதில்லை. காற்றும் கலமும் ஒத்துழைத்தால்தான் திரும்ப முடியும். திரும்பாமலே போனவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் புதுமணப்பெண்ணைக் கணவன் வீட்டில் மாமியாரோடும் நாத்தனாரோடும் விட்டுவிட்டுப் போவதைவிட, அவள் பிறந்த வீட்டிலேயே உம்மாவோடும் ராத்தாவோடும் இருக்கச் செய்வது அறிவுடைமை எனப்பட்டது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தார். வீடு பெண்ணுக்கு உரியதாயிற்று. வழக்கத்தின் வேர் இதுவே என்பது என் கணிப்பு. மலபார்க் கரையின் முஸ்லிம்களிடம் உள்ள தாய்வழி முறையின் சாயல் என்று சொல்வோரும் உண்டு. அவ்வாறே இருந்தாலும், இங்கு அது நிலைத்ததற்குக் கடல் வாணிகமே காரணம் என்று எண்ணுகிறேன்.

இந்த ஏற்பாடு ஊரின் வடிவத்தையே மாற்றியது. முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நீண்டு செல்லும் வீடுகள். இரு வரிசை வீடுகளுக்கிடையே பெண்கள் புழங்கும் குறுகிய முடுக்குகள். சகோதரிகள் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பார்கள். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் அடுத்த வீட்டுச் சாச்சி வந்து எடுத்துக்கொள்வாள். பெண்கள் கூடி ஓதுவதற்குத் தனித் தைக்காக்கள் இருந்தன. குர்ஆன் கற்பிப்பதற்கு ஊரிலேயே பெண் ஆசிரியைகள் இருந்தார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் நூல்கள் பெண்களின் கைகளில்தான் அதிகம் தேய்ந்தன. கணவனுக்குக் கடிதம் எழுதவும் மார்க்கச் சட்டம் படிக்கவும் அந்த எழுத்தே உதவியது. கீழக்கரையில் செய்யிது ஆசியா உம்மா போன்ற பெண்பாற் புலவர் தோன்றியதை இந்தச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

ஒரு பெயரும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த செய்யிது முஹம்மது ஆலிம் அவர்களை நாம் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றே அறிவோம். கீழக்கரைத் தைக்கா சாஹிபின் மருமகனாக ஆனதால் வந்த பெயர் அது. அரபியில் இமாமுல் அரூஸ் என்று வழங்கப்படுவதிலும் மணமகன் என்னும் அதே பொருள் ஒளிந்திருக்கிறது. 'மகானி' என்ற அரபுத்தமிழ் நூலை எழுதியவர், இலங்கை முழுவதும் பயணம் செய்து பள்ளிகள் எழும்பக் காரணமானவர். அத்தகைய பேரறிஞரை அவர் பெண் எடுத்த வீட்டின் உறவைக் கொண்டே ஊர் அழைத்தது. அதை யாரும் குறைவாகக் கருதவில்லை.

பழைய ஏற்பாட்டில் ஒரு சமநிலை இருந்தது. வீடு மகளுக்கு என்றால் கடையும் முதலும் தொழில் தொடர்புகளும் மகன்களுக்கு. எவருக்கும் வெறுங்கை இல்லை. பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்கு அறிவுறுத்திய செய்தியை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். முன்னோர்கள் அதை மனத்தில் கொண்டு பங்கிட்டார்களா, தொழிலின் போக்கில் அப்படி அமைந்ததா என்று ஆராய்வது கடினம்; பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்.

அந்தச் சமநிலை 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குலைந்தது. 1948க்குப் பின் இலங்கையின் குடியுரிமைச் சட்டங்களும் அடுத்து வந்த வணிகக் கட்டுப்பாடுகளும் கொழும்புக் கடைகள் பலவற்றை மூட வைத்தன. காயலர்கள் ஹாங்காங்குக்கும் பாங்காக்குக்கும் கற்களைக் கொண்டு போனார்கள். பிறகு வளைகுடாவுக்கு வேலை தேடிப் போனார்கள். கடையை மகனுக்கு விட்டுச் செல்லலாம். மாதச் சம்பளத்தை விட்டுச் செல்ல இயலாது. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. இருந்தும் மகளுக்கு வீடு என்ற எதிர்பார்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. மூன்று பெண்களைப் பெற்ற வாப்பா மூன்று வீடுகளுக்காகத் தம் இளமை முழுவதையும் பாலையில் கழிக்கிறார். காக்காமார்கள் தங்கைகளின் வீட்டை முடித்த பிறகே தங்கள் நிக்காஹ்வைப் பற்றி நினைக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாகக் காண வேண்டும். தந்தை தம் விருப்பத்தால் மகளுக்குக் கொடுக்கும் வீடு வேறு. மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனையாகக் கேட்கும் வீடு வேறு. முன்னது அவளுக்குக் காப்பு, பின்னது சீதனம். அந்நிஸா அத்தியாயத்தில் மஹரைப் பெண்ணுக்கு மனமுவந்து கொடுக்கும்படி அல்லாஹ் கணவனுக்கே கட்டளையிடுகிறான். அந்தக் கட்டளைக்கு நேர்மாறான திசையில் பொருள் நகர்வதைப் பழைய வழக்கத்தின் பெயரைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு எளிதில் புலப்படும். முன்னோர்கள் மகளின் பெயரில் எழுதினார்கள். மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதும்படி இப்போது கேட்கும் இடங்களில், அந்த வீடு யாருக்காகக் கட்டப்படுகிறது என்று பெண்ணின் தந்தை பேச்சுவார்த்தை நாளிலேயே கேட்டுவிடலாம். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.