தழும்புக்குச் சாட்சி: மழமழப்பான தசையைத் தேடிய ஒரு வரலாறு

வன்னியில் 'கிட்னி வருத்தம்' என்ற சொல் இப்போது யாருக்கும் புதிதல்ல. 1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடையே கவனத்துக்கு வந்த, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியாவையும் முல்லைத்தீவையும் தொட்டுவிட்டது. ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிற மாங்குளம் சந்தியில் பெரியவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "தம்பி, கிட்னியில ஊசி குத்தி சதை எடுத்துப் பாக்கிறாங்களாம். அதுல என்னத்தைத்தான் பாக்கிறாங்க?"

இந்தக் கேள்விக்கான விடைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் நமக்குப் பரிச்சயமான பெயரும் வருகிறது. இப்னு சீனா (மறைவு 1037) தமது 'அல்-கானூன்' நூலில், உடலின் உள்ளுறுப்புகளில் நெடுக்கு, குறுக்கு, சாய்வு என மூவகை நார்கள் உண்டென்றும், அவை முறையே இழுக்கவும் தள்ளவும் பிடித்துவைக்கவும் உதவுகின்றன என்றும் விளக்கினார். கிரேக்க வைத்தியர் கலேனிடமிருந்து வந்த கருத்து அது. நாம் நினைத்தால் கை அசைகிறது. நினையாமலே குடல் அசைகிறது. அப்படி அசைவிக்கும் தசையின் தனிக் கலங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் பிரித்துக் காட்டியவர் அல்பேர்ட் கோலிக்கர், ஆண்டு 1847. கைகால் தசையில் தெரியும் வரிகள் இதில் இல்லை. ஆகவேதான் மழமழப்பான தசை என்கிறோம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் வடிவம் எப்போதும் போதாது. கலத்துக்குள் இருக்கும் புரதத்தை அடையாளம் காண வேண்டும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அல்பேர்ட் கூன்ஸ், பிறபொருளெதிரியோடு ஒளிரும் சாயத்தை இணைத்தார். தனக்குரிய பொருள் இருக்கும் இடத்தில் பிறபொருளெதிரி ஒட்டிக்கொள்ளும். சாயம் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 1965இல் ஜோன்சன், ஹொல்பரோ, கிளின் ஆகிய மூவர், நாட்பட்ட ஈரல் அழற்சி உள்ள சிலரது இரத்தத்தில் மழமழப்பான தசையைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் இருப்பதை அறிவித்தனர். தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சியைக் கண்டறிய இன்றும் அந்தச் சோதனை நடக்கிறது. அதற்கு எலியின் இரைப்பை, ஈரல், சிறுநீரக இழையங்கள் பயன்படுகின்றன.

அடுத்த திருப்பம் 1975. கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை அளவின்றி உற்பத்தி செய்யும் வழியைக் கண்டனர். அதற்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வழியில் ஒரு நுட்பமான சிக்கல் தீர்ந்தது. தசையைச் சுருங்கச் செய்யும் அக்ரின் புரதம் பாலூட்டிகளில் ஆறு வகை. ஆறும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு பெரும்பாலும் ஒரு முனையில்தான். கப்பியானியின் ஜெனீவாக் குழு, மழமழப்பான தசையின் அல்பா அக்ரினுடைய அந்த முனையிலுள்ள பத்து அமினோ அமிலங்களைச் செயற்கையாகச் செய்து சுண்டெலிக்குக் கொடுத்து, '1ஏ4' என்ற பிறபொருளெதிரியைப் பெற்றது. 1986இல் அது வெளியானது.

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். இந்தச் சிறுநீரக நோயில் எடுக்கப்பட்ட இழையங்களில் முக்கியமாகக் கண்டது, சிறுகுழாய்கள் நலிந்து அவற்றுக்கிடையே நார்த்தழும்பு படிந்திருப்பதுதான். தழும்பை நெய்யும் கலங்கள் தசைக்கலங்கள் அல்ல. ஆனால் காயம் ஆற்றப் புறப்படும்போது தசையின் அக்ரினை எடுத்து அணிந்துகொள்கின்றன. 1971இல் கப்பியானியும் தோழர்களும் ஆறும் காயங்களில் விவரித்தது இத்தகைய கலங்களையே. மெல்லிய இழையச் சீவலில் 1ஏ4 இட்டு, அதைப் பற்றும் இரண்டாவது பிறபொருளெதிரியும் நொதியமும் சேர்த்தால், அக்ரின் உள்ள இடம் கபில நிறமாகும். குழாய்களுக்கிடையே கபிலம் பரந்திருந்தால், தழும்பு வேலை இன்னும் நடக்கிறது என்று பொருள்.

நிறம் கண்டவுடன் நம்பிவிடலாமா? ஹதீஸ் கலை பயின்ற சமூகம் நாம். செய்தியைக் கேட்குமுன் அறிவிப்பாளரை விசாரித்தவர்கள் நம் முன்னோர். ஆய்வுகூடத்திலும் அதே ஒழுங்குதான். சீவலிலுள்ள நாடிச் சுவரில் மழமழப்பான தசை இயல்பாகவே உண்டு. அது கபிலமாகாவிட்டால் சோதனை பழுது. முதல் பிறபொருளெதிரியை இடாத இன்னொரு சீவலில் நிறம் வந்தால் அதுவும் பழுது. இரண்டையும் தாண்டிய பிறகே சாட்சி ஏற்கப்படும்.

ஏற்ற பிறகும் அதற்கு எல்லை உண்டு. தழும்பு இருக்கிறது என்று அது சொல்லும். எந்தக் கிணறு, எந்த நஞ்சு, எத்தனை நாள் வெயில் என்று சொல்லாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்திலும் அனுராதபுரத்திலும் தண்ணீர் குடித்து, 2009க்குப் பிறகு திரும்பிவந்து கைவிட்ட கிணற்றை இறைத்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஒருவர் குடித்த தண்ணீருக்கே மூன்று மாவட்ட வரலாறு. அதை இழையத்தில் வாசிக்க முடியாது. அவரிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத வேண்டும். வன்னி முஸ்லிம்களின் இடப்பெயர்வை எழுதுகிற நாம் இதையும் சேர்த்துப் பதிந்தால், வைத்தியருக்கும் அது உதவும்.

இந்த வருத்தம் தொடக்கத்தில் நோவு தராது; சலத்தில் புரதமும் அதிகம் போகாது. இரத்தத்தில் கிரியற்றினின் ஏறும்போது பெரும்பாலும் சிறுநீரகத்தின் பாதி வேலை போயிருக்கும். ஆகவே பெரியவருக்கு நான் சொன்னது: "ஊசி குத்திற நிலை வரைக்கும் காத்திருக்காதீங்க. கிளினிக்குக்குப் போய் இரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்க. இதுவரைக்கும் எந்தெந்த ஊர்த் தண்ணி குடிச்சீங்கண்டும் டொக்டரிட்டச் சொல்லுங்க."