இரு சொற்களின் சரித்திரம்

ஒரு சமூகத்தின் சரித்திரத்தை அரசர் பட்டியலிலும் போர்க் கணக்கிலும் மட்டுமே தேடுதல் போதாது. மக்கள் நாவில் நாள்தோறும் புழங்கும் சிறு சொற்களும் சரித்திர ஏடுகளேயாம். யார் யாரை அணைத்தனர், யார் யாரை ஒதுக்கினர் என்பதைக் கல்வெட்டு மறைப்பினும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். இதற்குச் சான்றாக, ஆங்கிலத்தில் வழங்கும் இரண்டு சொற்களை ஈண்டு ஆராய்வோம். ஒன்று, வீட்டில் சீராட்டி வளர்க்கும் பிராணியைக் குறிக்கும் ‘பெட்’. மற்றொன்று, வீடற்றுத் தெருவில் அலையும் நாயைக் குறிக்கும் ‘பரையா நாய்’. முன்னது ஆங்கிலேயர் வீட்டில் பிறந்தது. பின்னது நம் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டது.

‘பெட்’ என்பது இன்று நாய், பூனை, கிளி ஆகிய யாவற்றுக்கும் பொதுப்பெயர். ஆயினும் அதன் பிறப்பிடம் மாளிகையன்று; ஆட்டுக்கிடையேயாகும். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும், மனிதர் தம் கையால் பாலூட்டி வளர்த்த ஆட்டுக்குட்டிக்கு அப்பெயர் வழங்கிற்று. செல்லங்கொடுத்து வளர்க்கப்பட்ட குழந்தையையும் அக்காலத்திலேயே அச்சொல் குறித்தது. 17-ஆம் நூற்றாண்டில் அது வினைச்சொல்லுமாகிச் சீராட்டுதல் என்னும் பொருளைப் பெற்றது. சிறியது எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு அதனை உறவாக்குவோர் உளர். அகராதிக்காரர் அதனை முடிந்த முடிபாகக் கொள்வதில்லை. எவ்வாறாயினும், குட்டியையும் குழந்தையையும் ஒரே சொல்லால் அழைத்த அன்பு அதனுள் இருக்கிறதென்பது தெளிவு.

இவ்வன்பு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், இளமையைக் குறிக்கும் பெயர்களை ஒன்பதாக வகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் நாய்க்குட்டிக்கு உரியது ‘குருளை’. அப்பெயரை நாய்க்கு மட்டுமன்றிப் பன்றிக்கும் புலிக்கும் முயலுக்கும் பொதுவாக வைத்தார் ஆசிரியர். அதில் உயர்வும் இல்லை; தாழ்வும் இல்லை. மக்கள் வழக்கிலோ கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை எனப் பறவையும் விலங்கும் மரமும் பிள்ளைகளாயின. கிளியையும் தென்னையையும் பிள்ளையென்று அழைத்த நாவு, மனிதனை எவ்வாறு அழைத்தது? இதுவே நம் கேள்வி.

நிற்க. ‘பரையா’ என்னும் ஆங்கிலச் சொல், பறையர் என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு. பறை என்பது தோற்கருவி. ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். ஊருக்குச் செய்தி அறிவித்த கருவியின் பெயரால் அமைந்தது அக்குடிப்பெயர் என்பது பலரும் கொள்ளும் விளக்கம். புறநானூற்றின் 335-ஆம் பாட்டு, துடியன், பாணன், கடம்பன் என்போரோடு பறையனையும் சேர்த்து, இந்நால்வரையே குடியெனச் சிறப்பிக்கின்றது. அங்கே அப்பெயரில் இழிவின் சாயலேனும் இல்லை. இழிவு பின்னர் வந்தது. ஜாதிக் கொடுமை தலையெடுத்து, சேரியை ஊருக்குப் புறம்பாக்கிய காலத்தில் வந்தது.

ஐரோப்பியர் கரையிறங்கியபோது கண்டது இவ்விழிவையே. 1613-இல் அச்சொல் ஆங்கில நூலில் ஏறிற்று. 1821-இல் பாரிஸ் நகரில் அதன் பெயரால் ஒரு நாடகம் நடந்தது. ஜெர்மானியக் கவி கெதேயும் 1824-இல் அப்பெயரிட்டுக் கவிதை வெளியிட்டார். ஒரு குடியின் பெயர், உலகெங்கும் ஒதுக்கப்பட்டவர்க்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. இந்தியாவிலிருந்த வெள்ளையரோ தெருநாய்க்கும், ஒருவகைப் பருந்துக்கும், மட்டமான சாராயத்துக்குங்கூட அதனை அடைமொழியாக்கினர். 1886-இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இவ்வழக்குகளைப் பதிவு செய்துள்ளது. வெள்ளையரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவர் எடுத்துச் சென்றது சொல்லை. சொல்லில் நஞ்சை ஏற்றிவைத்தவர் நாமே.

அந்நஞ்சை முறிக்க முற்பட்டோரும் நம்மிடையே தோன்றினர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தமது பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டு, தலைநிமிர்ந்து அப்பெயரைச் சொல்லும் துணிவை ஊட்டினார். வேறு பெயர் வேண்டினோரும் உண்டு. எம். சி. ராஜா முதலியோரின் முயற்சியால், 1922-இல் சென்னை அரசாங்கம் ஆதி திராவிடர் என்னும் பெயரை ஏற்றது. வழி இரண்டாயினும் நோக்கம் ஒன்றே.

கப்பலேறி மலாயா வந்தவரோடு அச்சொல்லும் வந்தது. ‘இன்டர்லோக்’ என்னும் மலாய் நாவல் 1971-இல் வெளியாயிற்று. 2011-இல் அது ஐந்தாம் படிவப் பாடநூலானபோது, அதிலிருந்த இச்சொல்லைக் கண்டு இந்நாட்டுத் தமிழர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டின் இறுதியில் நூலை மீட்டுக்கொள்ள அரசாங்கம் இசைந்தது. கிளர்ச்சி நியாயமானதே. ஆனால், பிறர் எழுதினால் கொதிக்கும் நாம், கலியாணப் பேச்சிலும் குடும்பச் சண்டையிலும் அதே சொல்லை வீசுகிறோமே, அதற்கு எந்த அரசாங்கத்திடம் மனுச் செய்வது?

கியா பார்ம் சுற்றிலுமுள்ள தேயிலை மலைகளில் பங்களாவும் உண்டு, லயமும் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட நாளில், பங்களா நாய் ‘பெட்’ எனப்பட்டது. லயத்து நாய்க்கு மற்றைப் பெயர். இரண்டும் நாயே, வேறுபாடு பிறப்பிலன்று, வாசலில். இன்று இம்மலைகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் கொழுந்து பறிக்கின்றனர். முன்னே ‘கூலி’ என்றும் அதனினும் கொடிய பெயராலும் அழைக்கப்பட்ட நம்மவர், புதிதாய் வந்தவர்க்கு என்ன பெயர் வைத்துள்ளனர் என்பதை எம்போன்ற கிராணிமார் செக்ரோல் எழுதும்போது செவியால் கேட்கிறோம்.

இந்தியத் தெருநாயை விரும்பி வளர்ப்போர், பழைய அடைமொழியை நீக்கி ‘இன்டாக்’ என அதற்குப் புதுப்பெயர் சூட்டியுள்ளனர். ‘பெட்’ என்பதும் எசமானத் தோரணையுடையதென்று, ‘துணைப் பிராணி’ என வழங்குவோர் மேனாட்டில் பெருகி வருகின்றனர். துணையைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் ‘உடன் ரொட்டி உண்பவன்’ என்பது பொருள். நாய்க்கே மரியாதையான பெயர் தேடும் காலமிது. மனிதனுக்கு மனிதன் இடும் பெயரைத் திருத்த ஆராய்ச்சியும் வேண்டா, சட்டமும் வேண்டா. நாவை அடக்கினாற் போதும். அதனை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோமாக.