கிறிஸ்தவப் பண்புகளுக்கு முதல் பள்ளி வீடு: மலேசியத் தமிழ்த் திருச்சபைகளும் குடும்ப ஜெபமும்

மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்குச் சமயம் கற்பிக்கும் பொறுப்பு ஞாயிற்றுக்கிழமையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளில் ஓய்வுநாள் பள்ளி. கத்தோலிக்க ஆலயங்களில் மறைக்கல்வி வகுப்பு. பெயர் எதுவானாலும் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு வாரம்கூடத் தவறாமல் சென்று வரும் பிள்ளைக்கும் ஆண்டுக்கு 52 மணி நேரம்தான் கிடைக்கும். மொத்தமாகக் கூட்டினால் அது இரண்டே கால் நாளுக்கும் குறைவு. எஞ்சிய நாள்கள் எல்லாம் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கைப்பேசிக்கும் சொந்தமானவை.

பள்ளிக்கூடம் இந்தக் குறையை நிரப்புவதில்லை. அரசாங்கப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்வி பயில்கிறார்கள். மற்ற மாணவர்களுக்கு நன்னெறிக்கல்வி உண்டு. நேர்மை, நன்றியுணர்வு, மரியாதை ஆகியவற்றை அந்தப் பாடம் சொல்லித் தருகிறது. ஆனால் ஏன் மன்னிக்க வேண்டும், யாருக்கு முன்னால் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்குக் கிறிஸ்தவ விசுவாசம் தரும் பதிலை அங்கே எதிர்பார்க்க முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரும் திருச்சபையுமே.

சிறுபான்மைக்குள் சிறுபான்மை

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 விழுக்காட்டினர். எண்ணிக்கை சிறிது என்றாலும் இவர்களின் வேர்கள் பலவகைப்பட்டவை. தமிழ்நாட்டிலிருந்து தோட்டத் தொழிலுக்கு வந்தவர்கள் ஒருபுறம். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும், பள்ளிகளில் ஆசிரியர்களாகவும் பணியாற்ற வந்தவர்கள் மறுபுறம். கோலாலம்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த புனித அந்தோணியார் ஆலயம், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் சியோன் லுத்தரன் பேராலயம், மெதடிஸ்ட் திருச்சபையின் தமிழ் ஆண்டு மாநாட்டைச் சேர்ந்த சபைகள் எல்லாம் அந்த வருகையின் அடையாளங்கள்.

திருச்சபையும் பிள்ளைகளின் கல்வியும் இந்த மண்ணில் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வளர்ந்தவை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் ஊழியர் சோஃபியா பிளாக்மோர் 1887இல் சிங்கப்பூரின் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தவர்கள் ஒன்பது இந்தியச் சிறுமிகள். அதுவே பின்னாளில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது.

மூன்று மரபுகள், ஒரே கருத்து

பிள்ளைக்கு முதல் சமய ஆசிரியர் பெற்றோரே என்பது புதிய கருத்தல்ல. உபாகமத்தின் ஆறாம் அதிகாரம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் தேவனுடைய கட்டளைகளைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைக் குறிப்பிடும் பவுல், அது முதலில் அவருடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்ததை நினைவுகூர்கிறார்.

மலேசியத் தமிழர்களிடையே வேரூன்றிய மூன்று மரபுகள் இதையே வெவ்வேறு வழிகளில் வலியுறுத்தின.

லுத்தரன் மரபில் இதற்கு ஒரு கையேடே உண்டு. மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் முதலியவை வீட்டின் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்கும் முறையில் கேள்வி பதிலாக அமைந்துள்ளன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் அதைத் தமிழாக்கினார்.

மெதடிஸ்ட் மரபு ஒரு தாயை முன்னிறுத்துகிறது. ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாயார் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் பலர் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள். வறுமை, கடன், 1709இல் வீட்டை எரித்த தீ ஆகியவற்றுக்கு நடுவிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசுவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. பல ஆண்டுகள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான், அந்த வியாழக்கிழமை மாலைகள் தம் மனத்தை எவ்வளவு பண்படுத்தின என்பதைத் தாய்க்கு எழுதிய கடிதத்தில் நினைவுகூர்ந்தார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு, குடும்பத்தை இல்லத் திருச்சபை என்ற பொருளில் பேசுகிறது; சொல்லாலும் வாழ்க்கையாலும் பிள்ளைகளுக்கு முதலில் விசுவாசத்தை அறிவிப்பவர்கள் பெற்றோர் என்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் தேதித் திருவிழாவுக்காகப் பெருந்திரளான யாத்திரிகர்கள் கூடும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயம் இதற்கு நெருக்கமான ஓர் அடையாளம். அன்னம்மாள் கன்னி மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி என்பது திருச்சபை மரபு. சிறுமி மரியாளுக்குப் படிக்கக் கற்றுத் தரும் தாயாக அவரைச் சித்திரிப்பது கிறிஸ்தவக் கலையில் நெடுநாள் வழக்கம்.

குடும்ப ஜெபம்: பத்து நிமிடம் போதும்

தோட்டப்புற வாழ்க்கையில் மாலை நேரத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. விளக்கேற்றியதும் பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, ஒரு ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை. நகரத்து அடுக்குமாடி வீடுகளில் அப்பா இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறார், அம்மாவுக்கு ஷிப்ட் வேலை, பிள்ளைகளுக்கு டியூஷன். பழைய ஒழுங்கை அப்படியே மீட்பது எளிதல்ல. அதனால் அனுபவமுள்ள ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் போதகர்களும் நேரத்தின் நீளத்தைவிட அதன் ஒழுங்கையே முக்கியமாகக் கருதுகிறார்கள்.

வாரத்தில் மூன்று நாளாவது, ஒரே நேரத்தில், பத்து நிமிடம் என்று தொடங்கலாம். ஒரு பாட்டு, சுவிசேஷத்திலிருந்து ஒரு சிறு பகுதி, அன்று நடந்ததில் நன்றி சொல்ல ஒன்று, மன்னிப்புக் கேட்க ஒன்று, பிறகு ஜெபம். ஜெபத்தைப் பெரியவர்களே முடித்துவிடாமல் பிள்ளைகளிடமும் விட வேண்டும். "நாளைக்குக் கணக்குப் பரீட்சை" என்று மட்டும் ஒரு பிள்ளை ஜெபித்தாலும் அது ஜெபம்தான். திருத்தி, நீட்டி, அழகுபடுத்தத் தொடங்கினால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

வயதுக்கு ஏற்ப முறையும் மாற வேண்டும். பாலர் பள்ளி வயதில் கதையும் பாட்டும் போதும். ஆரம்பப் பள்ளி வயதில் கெட்ட குமாரன், நல்ல சமாரியன் போன்ற உவமைகளைச் சொல்லி, "நீ அங்கே இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்கலாம். இடைநிலைப் பள்ளி மாணவர்கள் கேள்வி கேட்பார்கள்: நல்லவர்களுக்கு ஏன் புற்றுநோய் வருகிறது? கிறிஸ்தவர் அல்லாத என் நண்பனைக் கடவுள் நேசிக்க மாட்டாரா? இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவல்ல. விடை தெரியாதபோது தெரியாது என்று ஒப்புக்கொண்டு, போதகரிடமோ குருவானவரிடமோ சேர்ந்து போய்க் கேட்கும் பெற்றோரைப் பிள்ளைகள் மதிக்கிறார்கள். கேள்வி கேட்டதற்காகக் கடிந்துகொள்ளப்பட்டவர்களே ஐந்தாம் படிவம் முடித்து வெளியூர் சென்றதும் ஆலயத்தை எளிதாக விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகள் கேட்பதைவிடக் கவனிப்பது அதிகம்

வீட்டில் நடக்கும் பாடத்தின் பெரும்பகுதிக்கு வேதாகமம் திறக்கப்படுவதில்லை. கடன் கேட்டு ஒருவர் வாசலில் நிற்கும்போது "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையை அனுப்பினால் அன்றைய பாடம் பொய். ஆராதனை முடிந்து திரும்பும் காரில் போதகரின் பிரசங்கத்தையும் பக்கத்து வரிசைக்காரரின் உடையையும் கிண்டல் செய்தால் பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைக்கு அதுவே அன்றைய ஓய்வுநாள் பள்ளி.

இதில் மிகவும் கூச்சமான இடம் சாதி. கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்று ஆலயத்தில் கேட்கும் பிள்ளை, அண்ணனுக்கோ அக்காவுக்கோ வரன் பார்க்கும்போது வீட்டில் வேறு பேச்சைக் கேட்கிறது. கடல் தாண்டி வந்து தலைமுறைகள் கடந்தும் சில குடும்பங்களில் இந்தப் பேச்சு ஓயவில்லை. திருச்சபையின் போதனையை இதைவிட வேகமாகப் பொய்யாக்கக்கூடியது வேறொன்றில்லை. மகள் பாத்திரம் கழுவ, மகன் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பதும், வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வேறு தட்டு வைப்பதும் இதே வகைப் பாடங்கள்தாம்.

நல்ல பழக்கங்களும் இவ்வாறே தொற்றுகின்றன. காணிக்கைத் தட்டில் போடுவதற்கு ஆலய வாசலில் ஒரு ரிங்கிட் கொடுப்பதைவிட, பிள்ளை தன் கைச்செலவுப் பணத்திலிருந்து ஐம்பது சென் எடுத்து வைக்கப் பழகுவது நல்லது. மருத்துவமனையில் இருக்கும் சபை உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லலாம். கோபத்தில் தவறாகப் பேசிவிட்ட தந்தை பிறகு மகனிடம் மன்னிப்புக் கேட்டால், அந்த ஒரு நிமிடம் மன்னிப்பைப் பற்றிய பல பிரசங்கங்களுக்குச் சமம்.

கண்டிப்பும் பிரம்பும்

பிரம்பைப் பற்றிய நீதிமொழிகளைக் காட்டி அடிப்பதை நியாயப்படுத்தும் பெற்றோர் இன்றும் உண்டு. ஆனால் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களில் பிள்ளைகளின் கீழ்ப்படிதலைச் சொன்ன உடனேயே, தகப்பன்மார் பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனந்தளரச் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கையும் வருகிறது. முதல் வசனத்தைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு இரண்டாவதைத் தமக்குச் சொல்லிக்கொள்ளாமல் விடுவது அரைகுறை வாசிப்பு. கண்டிப்பு தேவை, அது எதற்காக என்பது பிள்ளைக்குப் புரிய வேண்டும். ஜெபத்தையோ வசன மனப்பாடத்தையோ தண்டனையாகக் கொடுப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். தண்டனையாக வந்த ஒன்றைப் பிள்ளை வளர்ந்த பின் விரும்பி நாடாது.

பாட்டியின் தமிழ், பேத்தியின் ஆங்கிலம்

பல வீடுகளில் பாட்டி தமிழில் ஜெபிக்கிறார். பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பழைய வேதாகமத் தமிழ் அவர்களுக்கு மேலும் கடினம். மொழி பிரிந்தால் ஒரே குடும்பம் ஞாயிறன்று இரண்டு ஆராதனைகளுக்குப் போகிறது. பாட்டியின் விசுவாச அனுபவம் பேத்தியை எட்டாமலே போய்விடுகிறது.

இதற்குச் சில வழிகள் உண்டு. புராட்டஸ்டண்ட், கத்தோலிக்க அறிஞர்கள் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இக்காலத் தமிழில் உள்ளது. வாரம் ஒரு வசனத்தை இரண்டு மொழியிலும் வாசித்து ஒப்பிடலாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வந்த கீர்த்தனைகளைப் பாட்டி பாட, பிள்ளைகள் ரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டாவது பாடட்டும். பாட்டு நாவில் தங்கிவிட்டால் எழுத்து பின்னால் வரும். தாத்தா பாட்டியிடம் அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற கதையையும், தோட்டத்துச் சிற்றாலயத்தின் கதையையும் கேட்கச் சொல்லலாம்.

திருச்சபை செய்யக்கூடியது

வீடு முதல் பள்ளி என்பதால் திருச்சபையின் பங்கு குறைந்துவிடாது. தனித்தாயாகப் பிள்ளை வளர்ப்பவர், கணவர் வேறு சமயத்தவராக இருப்பவர், இரவு வேலைக்குப் போகிறவர் ஆகியோருக்குத் துணை தேவை. கத்தோலிக்கப் பங்குகளின் அன்பியக் கூட்டங்களும், மற்ற சபைகளின் இல்ல ஜெபக்கூட்டங்களும் அந்தத் துணையைத் தர முடியும். ஞானப்பெற்றோர் என்பது திருமுழுக்கு நாளில் புகைப்படத்துக்கு நிற்கும் பதவியல்ல. அந்தப் பிள்ளையின் வளர்ச்சியில் பங்கெடுக்கும் பொறுப்பு. பள்ளி விடுமுறையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளை என்ன கற்றது என்பதைப் பெற்றோருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதே பாடம் வீட்டில் தொடரும்.

பெரும்பாலான தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்து உறவினர்களும் பல இன அண்டை வீட்டாரும் இருக்கிறார்கள். டிசம்பரில் கேரல் குழு வீட்டுக்கு வருவதும், கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்பும், தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போவதும் இங்கு வாழ்க்கையின் பகுதிகள். தன் நம்பிக்கையைத் தெளிவாகச் சொல்லவும், அடுத்தவர் நம்பிக்கையை ஏளனம் செய்யாமல் இருக்கவும் பிள்ளை ஒரே வீட்டில்தான் கற்க வேண்டும். அயலானை நேசிக்கச் சொன்ன கட்டளையில் அயலானின் சமயம் குறிப்பிடப்படவில்லை.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் விதை கொடுக்கலாம். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றக்கூடியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தாம். இந்த வாரம் எந்த நாளில், எந்தப் பத்து நிமிடத்தில் தொடங்குவது என்பதை ஒவ்வொரு குடும்பமும் இன்றே பேசி முடிவு செய்யலாம்.