திருபுவனம்: சன்னிதி வழியில் பட்டுக்கடை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில், மூன்றாம் குலோத்துங்க சோழன் எழுப்பிய கம்பகரேசுவரர் கோயிலால் பெயர்பெற்ற திருபுவனத்தில், சௌராட்டிர நெசவாளர் குடும்பங்கள் பட்டு நெசவைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளன. 1955இல் இங்குப் பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. முகூர்த்தப் புடவை தேடி வருவோர் மட்டுமன்றி, அக்கோயிலின் சரபேசுவரர் சன்னிதியை வணங்க வரும் வெளியூராரும் தறி இருக்கும் ஊரிலேயே பட்டு வாங்கிச் செல்கின்றனர். சன்னிதியில் நின்றதைவிடக் கடையில் நெடுநேரம் நிற்போரும் உண்டு. கொசுவம்போல் மடித்து மடித்து அடுக்கப்படுவதால் விரிக்கும்போது விசிறியாக விரியும் ‘விசிறி மடிப்பு’, இவ்வூர்ப் புடவைக்கே உரிய அடையாளமாகும். ஒரு பொருளின் பெயரை அது பிறந்த ஊருக்கே உரிமையாக்கும் சட்டக் காப்பான புவிசார் குறியீடு, திருபுவனம் பட்டுக்கு 2019இல்தான் கிடைத்தது.