அளவுரு வினவல்

தரவுத்தள வினவலில் பயனர் தரும் மதிப்புக்கு இடம் மட்டும் விட்டு, மதிப்பைத் தனியே அனுப்பும் முறை.

ஆரப்பாளையத்துக்காரர் ஒருவர் சோழவந்தான் வயலுக்கு அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டா பார்க்கிறார் என்போம். மாவட்டம் மதுரை, வட்டம் வாடிப்பட்டி, பிறகு கிராமம், பட்டா எண் அல்லது புல எண்: இவையே அளவுருக்கள். இத்தகைய தேடலுக்கு வினவல் ஒன்றே போதும், மதிப்புகள்தாம் மாறும்.

வினவலில் கேள்விக்குறியோ, பெயரிட்ட குறியோ இடம்பிடித்து நிற்கும். சோம்பல்பட்டு மதிப்பை வினவல் வரியோடு ஒட்டினால் வினைதான். எண்ணோடு ‘அல்லது 1=1’ என்ற நிபந்தனையை எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழியில் ஒருவர் நுழைத்தால், ஊரார் பதிவெல்லாம் கொட்டிவிடும். இந்த ஓட்டையைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜெஃப் ஃபாரிஸ்டல் 1998-இல் ‘ஃப்ராக்’ இதழில் விளக்கினார். அளவுரு வினவலிலோ, தனியே வரும் மதிப்பைத் தரவுத்தளம் கட்டளையாகப் படிப்பதில்லை.

அட்டவணை, நெடுவரிசைப் பெயர்களை இப்படி அனுப்ப முடியாது. அவற்றை அனுமதித்த பட்டியலோடு ஒப்பிட்டே சேர்க்க வேண்டும்.