கட்டியவர் ஒருவர், குடியிருப்பவர் இன்னொருவர்: ஜப்பானிய மல்டிபிளக்ஸ் கதை

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒரு நாட்டில் தியேட்டர்கள் வரிசையாக மூடிக்கொண்டிருக்கும்போது, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அங்கே போய்ப் புதுத் தியேட்டர் கட்டுமா? ஜப்பானில் அப்படித்தான் நடந்தது.

முதலில் கொஞ்சம் பழைய கணக்கு. 1958-ல் ஜப்பானில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் 112 கோடிக்கு மேல். 1960-ல் அங்கே 7,457 திரைகள் இருந்தன. பிறகு வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, கூட்டம் கரைந்தது. 1993-ல் மிஞ்சியவை 1,734 திரைகள் மட்டுமே. டிக்கெட் விலையோ உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. தயாரிப்பு, விநியோகம், தியேட்டர் மூன்றையும் டோஹோ, ஷோசிகு, டோயி என்ற மூன்று கம்பெனிகள் கையில் வைத்திருந்தன.

இந்த நிலையில்தான் வார்னர் உள்ளே வந்தது. தனியாக வரவில்லை. நிச்சி (பின்னாளில் மைகால்) என்ற ஜப்பானியச் சில்லறை வணிக நிறுவனத்தோடு சேர்ந்து 1991-ல் 'வார்னர் மைகால் சினிமாஸ்' தொடங்கியது. 1993 ஏப்ரலில் கனகாவா மாநிலத்தின் எபினா நகரில் 7 திரைகளோடு முதல் தியேட்டர் திறந்தது. டோக்கியோவின் நடுவில் இல்லை, புறநகரில்!

ஏன் புறநகர்? அதற்குக் காரணம் ஒரு சட்டம். பெரிய கடை திறக்க வேண்டுமானால் உள்ளூர்ச் சிறு வியாபாரிகளின் சம்மதம் இல்லாமல் நகர முடியாத நிலையை 1974 முதல் அமலில் இருந்த சட்டம் உண்டாக்கியிருந்தது. அமெரிக்காவின் வர்த்தக நெருக்குதலால் 1990-களின் தொடக்கத்தில் அது தளர்ந்தது. ஊருக்கு வெளியே கார் நிறுத்த இடத்தோடு பெரிய பெரிய வணிக வளாகங்கள் முளைத்தன. வளாகத்துக்குக் கூட்டம் வேண்டும், தியேட்டருக்கு இடம் வேண்டும். இரண்டும் பொருந்திப் போயின.

வார்னரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பாரமவுண்டும் யுனிவர்சலும் சேர்ந்து நடத்திய யூசிஐ வந்தது. ஏஎம்சி 1996-ல் ஃபுகுவோகாவின் கேனல் சிட்டியில் 13 திரைகள் திறந்தது. 1999-ல் வெர்ஜினும் வந்தது. ஆனால் அதே 1996-ல்தான் ஜப்பானில் டிக்கெட் விற்பனை 12 கோடிக்கும் கீழே போய் அடிமட்டத்தைத் தொட்டது. அதன் பிறகுதான் மெல்ல ஏறியது.

சரி, ஜெயித்தது யார்? இங்கேதான் கதை திரும்புகிறது. 2001-ல் மைகால் திவாலாகி, ஈயன் குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. 2003-ல் வெர்ஜின் தன் ஜப்பானியத் தியேட்டர்களை டோஹோவுக்கு விற்றது. 2005-ல் ஏஎம்சியும் விற்றுவிட்டு வெளியேறியது. கடைசியாக 2013-ல் வார்னரின் பங்கையும் ஈயன் வாங்கிக்கொண்டது.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. ஆனாலும் எனக்குத் தோன்றுவது இதுதான்: கட்டடம் யாரும் கட்டலாம், அதில் ஓடப் படம் வேண்டும். உள்ளூர்ப் படங்களின் சாவி டோஹோ போன்றவர்களிடமே இருந்தது. 2006-ல், 21 ஆண்டுகளுக்குப் பிறகு, வசூலில் ஜப்பானியப் படங்கள் வெளிநாட்டுப் படங்களை முந்தின. ஹாலிவுட்டுக்காகப் போட்ட பாதையில் உள்ளூர் வண்டி ஓடியது!

நஷ்டமும் இல்லாமல் இல்லை. ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த எத்தனையோ பழைய ஒற்றைத் தியேட்டர்கள் இந்தப் போட்டியில் மூடப்பட்டன. இன்று ஜப்பானில் 3,600-க்கு மேல் திரைகள். அவற்றில் பத்தில் ஒன்பது மல்டிபிளக்ஸ்களில்தான்.

எபினாவுக்கே திரும்புவோம். வார்னர் திறந்த தியேட்டரின் பெயர் இன்று ஈயன் சினிமா. 2002-ல் அதே ஊரில் வெர்ஜின் திறந்தது இன்று டோஹோ சினிமாஸ். சந்தையைத் திறப்பது வேறு, அதில் நிலைப்பது வேறு என்பதற்கு அந்த ஓர் ஊரே போதும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?