தோம்பேடு முதல் தரவுத்தளம் வரை



ஒரு நாட்டின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களையும் போர்களையும் எழுதுவர். அந்நாட்டு மக்களின் பெயர்கள் எந்த ஏட்டில், எம்முறையில் எழுதப்பட்டு வந்தன என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆயினும், ஏடு செம்மையாயிருந்தால் காணாமற் போனவர் கண்டெடுக்கப்படுவர். ஏடு சிதறிக் கிடந்தால் அயலிலிருப்பவரும் தொலைந்தவராவர். கிழக்கிலங்கைக் கரையோர மக்களுக்கு 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் இவ்வுண்மையைக் கடல் கற்பித்தது. ஏடு எழுதும் கலை ஒல்லாந்தர் காலத் தோம்பு தொடங்கி இன்றைய கணினித் தரவுத்தளம் வரை வளர்ந்த வரலாற்றையும், அக்கலையைப் பயிலத் தொடங்கும் இளைஞர் முதற்கண் அறியவேண்டுவது யாது என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் நம் நாட்டில் எழுதப்பட்ட ஏடுகளுள் தோம்பு தனிச் சிறப்புடையது. இச்சொல் போர்த்துக்கேய மொழி வழியாக நமக்கு வந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் 18ஆம் நூற்றாண்டில் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலே தோம்புகளை விரிவாக எழுதுவித்தனர். தலைத்தோம்பு குடும்பத்தினரின் பெயர்களைத் தாங்கியது. நிலத்தோம்பு அக்குடும்பத்தாரின் காணிகளையும் தோட்டங்களையும் பதிவு செய்தது. இவையன்றிப் பாடசாலைத் தோம்பு என்று ஒன்றும் இருந்தது. திருமுழுக்கு, திருமணம் முதலிய செய்திகளை அதில் எழுதியவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியரேயாவார். ஆசிரியத் தொழிலுக்கும் ஏட்டுக்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது.

இங்கே நாம் நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஒல்லாந்த எழுத்தர் ஆளையும் நிலத்தையும் ஒரே ஏட்டில் கலந்து குழப்பவில்லை. ஆளுக்கு ஓர் ஏடு, நிலத்துக்கு ஓர் ஏடு என வகுத்து, இரண்டையும் பொருத்தி வாசிக்கலாகுமாறு அமைத்தனர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் கணினி அறிஞர் கண்ட கொள்கையின் வித்து இதில் இருந்தது எனலாம்.

ஆங்கிலேயர் காலத்தில், 1871ஆம் ஆண்டு, நாடு தழுவிய குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. நாளடைவில் பிறப்பு இறப்புப் பதிவு, வாக்காளர் இடாப்பு, பங்கீட்டு அட்டை, பாடசாலைச் சேர்வு இடாப்பு எனத் திணைக்களந்தோறும் ஏடுகள் பெருகின. ஒவ்வோர் ஏட்டிலும் அதே மனிதனின் பெயர் மறுபடியும் எழுதப்பட்டது. எழுதுந்தோறும் பிழையும் புகுந்தது. தமிழ்ப் பெயர்களுக்கு இத்தொல்லை சற்று மிகுதி. நம்மவருட் பலருக்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கும். செல்வராசா என்னும் ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நால்வர் நான்கு விதமாக எழுதுவர். ஊருக்கு ஒரு செல்வராசாவாவது இருப்பார். பெயரை மட்டும் கொண்டு ஆளை இனங்காண்பது எத்துணை அரிது என்பதை வரவு இடாப்பு எழுதிய எந்த ஆசிரியரும் அறிவர். அதனாலேயே சேர்வு இடாப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொடரிலக்கம் இடுகின்றோம். பெயர் மாறினும், வகுப்பு மாறினும், அவ்விலக்கம் மாறுவதில்லை.

இவ்வெளிய வழக்கத்தைக் கணினி உலகத்துக்கு ஒரு கணிதக் கொள்கையாக்கித் தந்தவர் எட்கார் கொட் என்பவர். இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டு தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். செய்திகளை அட்டவணைகளாக வகுத்தல் வேண்டும். ஒவ்வொரு வரியையும் தனித்து இனங்காட்டும் சாவி ஒன்று வேண்டும். ஓர் அட்டவணை மற்றோர் அட்டவணையின் சாவியைச் சுட்டி அதனோடு உறவு கொள்ளல் வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம். முதன்மைச் சாவி, அந்நியச் சாவி என நம் பாடநூல்கள் கூறுவன இவையே. 1974ஆம் ஆண்டு சேம்பர்லின், பொய்ஸ் என்னும் இருவர், அட்டவணைகளை வினாவுதற்கென ஒரு மொழியை அதே நிறுவனத்தில் வகுத்தனர். அதுவே இன்று எஸ்.கியூ.எல். என வழங்குவது.

இனி நம் கரைக்கு வருவோம். கடலுக்கும் களப்புக்கும் அணித்தாய்க் கிடக்கும் மாங்கேணி, காயாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை ஆகிய ஊர்களைப் பழையோர் ஏட்டைக் கொண்டு அறிந்தாரல்லர். முகத்தைக் கொண்டே அறிந்தனர். இன்னார் மகன், இன்னார் மருமகள் என்றால் போதும். ஆனால் ஆழிப்பேரலை அந்த அறிவையே குலைத்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஒதுங்கினர். கிராம சேவகர் ஒரு பட்டியல் எழுதினார்; தொண்டு நிறுவனத்தார் வேறொன்று எழுதினர்; மருத்துவமனையில் மற்றொன்று இருந்தது. இவை ஒன்றையொன்று அறியாதிருந்தால், தாய் ஒரு முகாமிலும் பிள்ளை மறு முகாமிலும் இருந்து ஒருவரையொருவர் இறந்தவராகக் கருதி அழுவதற்கு இடமுண்டு. ஒரு வீட்டுக்கு உதவி இருமுறை சென்று, அடுத்த வீட்டுக்கு ஒருமுறையும் செல்லாது போவதற்கும் இடமுண்டு.

இக்குறையைத் தீர்க்க, பேரழிவு நிகழ்ந்த சில நாட்களிலேயே இலங்கைக் கணினித் துறையினர் தாமாக முன்வந்தனர். பல்கலைக்கழகத்தாரும் மென்பொருள் நிறுவனங்களிற் பணிபுரிந்தோரும் ஒருங்கு கூடி ஒரு மென்பொருளை ஆக்கினர். அதன் பெயர் ‘சகானா’. நமக்கு அது இராகம் ஒன்றை நினைவூட்டும். சிங்களத்தில் அச்சொல்லின் பொருள் நிவாரணம் என்பதாகும். சஞ்சீவ வீரவரண முதலியோர் தோற்றுவித்த லங்கா சொவ்ட்வெயார் பவுண்டேசன் அதற்குத் தாயகமாயிற்று. சமிந்திர டி சில்வா அதன் வளர்ச்சியை முன்னின்று நடத்தினார். காணாமற் போனோர்க்கு ஒரு பதிவேடு, முகாம்களுக்கு ஒரு பதிவேடு, உதவி அமைப்புகளுக்கு ஒரு பதிவேடு, தேவைகளுக்கு ஒரு பதிவேடு என அது வகுக்கப்பட்டிருந்தது. பதிவேடுகள் பலவாயினும் தரவுத்தளம் ஒன்றே.

நெருக்கடியில் விரைந்து எழுதிய அம்மென்பொருள் 2005ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு உதவியுடன் அடித்தளத்திலிருந்து மறுபடியும் எழுதப்பட்டது. எவரும் விலையின்றி எடுத்தாளலாம், திருத்தலாம் என்னும் உரிமத்துடன் வெளியிடப்பட்டமையால் அது கடல் கடந்தது. 2005ஆம் ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான மென்பொருளுக்குரிய 2006ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. நம் துயரத்திற் பிறந்த ஏடு பிறர் துயரையும் ஆற்றியது பெருமைக்குரிய செய்தியன்றோ?

முதற் சகானா பி.எச்.பி. என்னும் மொழியில் எழுதப்பட்டது. பின்னர் ‘ஈடன்’ என்னும் பெயரில், பைதன் மொழியில், அது புதுவடிவு பெற்றது. 2010ஆம் ஆண்டு எயிட்டி நிலநடுக்கத்தின்போது இப்புது வடிவம் களம் கண்டது. பைதன் என்பது குவிடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட நிரலாக்க மொழி. தோம்பு எழுதுவித்ததும் ஒல்லாந்தர், பைதன் தந்ததும் ஓர் ஒல்லாந்தர் என்பது வரலாற்றின் ஒரு விளையாட்டு!

ஈடன் அமைந்தது ‘வெப்டூபை’ என்னும் கட்டமைப்பின் மீது. சிக்காகோ நகரின் டிபோல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாசிமோ டி பியரோ 2007ஆம் ஆண்டு அதனை வெளியிட்டார். அதனுள் தரவுத்தளத்தோடு பேசுதற்குரிய கருவித்தொகுதி ஒன்று உண்டு. இவ்வினத்துள் இன்று பரவலாக வழங்குவது மைக்கேல் பேயர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எஸ்.கியூ.எல். அல்கெமி’ என்பது. அல்கெமி என்றால் இரசவாதம். பெயர் அதுவாயினும் அதன் தொழிலில் மாயம் எதுவுமில்லை. தரவுத்தளங்கள் பலவாக, அவை ஒவ்வொன்றும் எஸ்.கியூ.எல். மொழியைச் சிறுசிறு வேறுபாட்டுடன் பேசுகின்றன. கருவித்தொகுதி ஒரு மொழிபெயர்ப்பாளர்போல் இடையே நின்று, நாம் பைதனில் எழுதுவதை அந்தந்தத் தரவுத்தளத்துக்கேற்ற கட்டளையாக்குகின்றது. ஆதலின், சிறு மடிக்கணினியில் எஸ்.கியூ.லைட் கொண்டு எழுதிப் பழகியதைப் பெரும்பாலும் மாற்றமின்றியே தலைநகரின் பெருங்கணினியில் போஸ்ட்கிரெஸ் கொண்டும் இயக்கலாம். முகாமில் ஒன்றும் தலைமையகத்தில் ஒன்றுமாகக் கணினிகள் இருக்கும் வேளையில் இதன் அருமை விளங்கும்.

நம் உயர்தர மாணவர் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதனையும் தரவுத்தளத்தையும் கற்கின்றனர். கருவித்தொகுதியைத் தொடங்குவது எங்ஙனம் என வினவுவோர்க்குக் கூறத்தக்க முறை இது. முதலிற் கணினியைத் திறவாது, தாளையும் பென்சிலையும் எடுத்தல் வேண்டும். முகாம் ஓர் அட்டவணை, குடும்பம் ஓர் அட்டவணை, ஆள் ஓர் அட்டவணை என வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் இலக்கம் இட்டு, ஆள் எக்குடும்பத்தைச் சேர்ந்தவர், குடும்பம் எம்முகாமில் உள்ளது என அவ்விலக்கத்தாலேயே சுட்டுதல் வேண்டும். இப்போது குடும்பம் முகாம் மாறினால் ஒரேயோர் இடத்தில் திருத்தினாற் போதும். அதன்பின் எஸ்.கியூ.லைட் தரவுத்தளத்தை இணைத்து, அட்டவணைகளைப் பைதனில் வரையறுத்து, சில வரிகளைச் சேர்த்து, வினவிப் பார்க்கலாம்.

இரண்டு செய்திகளைத் தொடக்கத்திலேயே மனங்கொள்ளல் நன்று. கருவித்தொகுதி தான் ஆக்கும் எஸ்.கியூ.எல். கட்டளையைத் திரையிற் காட்டுமாறு பணிக்க இயலும். அதை வாசித்துப் பழகாதவர் மொழிபெயர்ப்பாளரை நம்பி மொழியை மறந்தவராவர். மற்றொன்று, ஒரு செயலின் எல்லாப் படிகளும் நிறைவேறிய பின்னரே பதிவை உறுதி செய்தல் வேண்டும். ஒரு பிள்ளையை ஒரு முகாமின் கணக்கிலிருந்து நீக்கி, மறு முகாமிற் சேர்க்குமுன் மின்சாரம் நின்றுவிட்டால், அப்பிள்ளை எங்கும் இல்லாததாகிவிடும். இரு படிகளையும் ஒரே கட்டாகக் கட்டினால், இரண்டும் நிகழும், அன்றேல் இரண்டும் நிகழா.

ஏட்டின் நன்மையைக் கூறிய நாவால் அதன் ஆபத்தையும் கூறல் கடமை. 1983ஆம் ஆண்டு யூலையில் கொழும்பில் வன்முறையாளர் வாக்காளர் இடாப்புகளைக் கையிலேந்தி வீடுகளைத் தேடினர் என்பது வரலாற்றிற் பதிவானது. வாக்களிக்க எழுதிய பெயரே தீ வைப்பதற்கு வழி காட்டியது. பெயர்களைத் தேடும் ஆற்றல் மிகுந்த தரவுத்தளத்துக்கு இவ்வச்சம் பன்மடங்கு பொருந்தும். ஏடு எவர் கைக்கு எட்டலாம், எதை எழுதலாகாது, எழுதியதை எப்போது அழித்தல் வேண்டும் என்பவற்றை முன்னரே வகுத்தல் வேண்டும். தனிப்பட்ட தரவுகளைக் காப்பதற்கென நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஆக்கப்பட்டுள்ளது. சட்டம் அரசின் வேலி. அட்டவணையை வரையும்போதே எண்ணிப் பார்ப்பது அமைப்போனின் வேலி. இரண்டும் வேண்டும்.

கருவித்தொகுதிகள் மாறும், பைதனுக்குப் பின்னும் மொழிகள் தோன்றும். ஓர் ஆளை ஒருமுறை, ஓரிடத்தில், பிழையற எழுது. மற்றவை யாவும் அதனையே சுட்டட்டும் என்னும் விதி மட்டும் மாறாது. அடுத்த புயலோ வெள்ளமோ வருமுன், நம் ஊர் இளைஞர் தம் ஊரவர்க்கு அத்தகைய ஓர் ஏட்டை அமைத்துப் பழகுவாராயின், அது தேர்வுப் பெறுபேற்றினும் மேலான கல்வியாகும்.